வில்லை தொலைக்கிற அத்தான்

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாராவது சாவியையோ மூக்குக் கண்ணாடியையோ காணோம் என்று வீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தால், "என்ன, சிவகாசி அத்தான் மாதிரி ஆயிட்டியா?" என்று கேட்பார்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேர் அவரைப் பார்த்ததுகூட இல்லை. பார்த்துப் பழகிய நான் மட்டும் அந்தப் பேச்சு வரும்போது வாயை மூடிக்கொள்வேன். சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சுள்ளென்று வரும். அவரைப் பற்றி இவர்களுக்குத் தெரிந்தது ஒன்று, நடந்தது வேறு. அதை ஒருதரமாவது முழுசாகச் சொல்லி வைத்துவிட வேண்டும்.

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். பெயர் எதற்கு? சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தார். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, பேசும்போது பாதியில் நிறுத்திவிட்டு வேறெதையோ கேட்பதுபோல் நிற்கிற முகம். அலுமினியப் பவுடர் ஏறி ஏறி அவர் கை ரேகைகள் வெள்ளியாகவே இருக்கும். சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்த வெள்ளிக் கையால் அவர் கிட்டார் வாசிப்பார்.

ஐம்பதுகளில் எங்கள் பக்கத்தில் கிட்டாரைப் பார்த்தவர்களே குறைவு. "வீணைன்னா ரெண்டு குடம் இருக்கணும்ல, இதுல ஒண்ணையும் காணோம்?" என்று என் சித்தப்பா கேட்டார். அத்தான் வாலிபத்தில் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். கடைக்கு மேல்மாடியில் குடியிருந்த ஒருவரிடம் வாசிக்கக் கற்றுக்கொண்டு, ஊருக்குத் திரும்பும்போது அந்தக் கிட்டாரையே அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மற்றவர்கள் கொழும்பிலிருந்து சோப்பும் சீட்டித் துணியும் கொண்டு வந்தார்கள். இவர் ஒரு மரப்பெட்டியோடு வந்து இறங்கினார். பெண் பார்க்க வந்தபோது எங்கள் அப்பா தனியாக விசாரித்தது சம்பளத்தை இல்லை. "மாப்பிள்ளை கூத்தாடிக் கூட்டத்துல சேந்திர மாட்டாருல்ல?" என்றுதான்.

சேரவில்லை. சிவகாசியில் நாலைந்து பேர் சேர்ந்து வைத்திருந்த ஒரு பாட்டுக் குழுவோடு சரி. ஆர்மோனியம், தபேலா, ஒரு புல்லாங்குழல், நடுவில் அத்தானின் கிட்டார். கல்யாண வீட்டிலோ கோயில் பொங்கலிலோ கூப்பிட்டால் வாசிப்பார்கள். காலையில் போகிற வழியில் கிட்டாரை அங்கே வைத்துவிட்டு, கம்பெனி விட்டதும் நேராக அங்கே போய் ஒரு மணி நேரம் பழகிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

கிட்டாரை அவர் வெறும் விரலால் மீட்ட மாட்டார். அதற்கு ஒரு சின்னத் துண்டு வேண்டும். புளியங்கொட்டையைத் தட்டையாக்கி ஒரு பக்கத்தைக் கூராக்கியது போல இருக்கும். அதை அவர் 'பிக்' என்பார். எங்கள் வாய்க்கு அது வில்லை. இந்த வில்லை விஷயத்தில் அவரைப் போலப் பிடிவாதக்காரரை நான் கண்டதில்லை. கொழும்பிலிருந்து கொண்டு வந்த ஆமை ஓட்டு வில்லை எங்கள் ஊர் வெயிலில் விரிசல் விட்டுவிட்டது. அதற்குப் பிறகு கையில் அகப்பட்டதையெல்லாம் அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, வாசித்துப் பார்த்தார். கொட்டாங்கச்சியில் செய்தார், சத்தம் மொத்தையாக வருகிறது என்றார். எருமைக் கொம்புச் சீப்பு ஒன்றை அறுத்தார். அது அக்கா தலை சீவுகிற சீப்பு. தகரம் கம்பியை அறுத்தது. அச்சாபீசில் வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் காலண்டர் அட்டையை நாலு மடிப்பாக ஒட்டி வெட்டிக் கொடுத்தார். அத்தான் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இது தடவிக் குடுக்குது, மீட்ட மாட்டேங்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கூர் எம்புட்டு இருக்க வேண்டும், கனம் எம்புட்டு இருக்க வேண்டும் என்று சாப்பிடும்போதுகூடப் பேசுவார். அக்கா குழம்பை ஊற்றிவிட்டு, "உப்பு எம்புட்டு இருக்கணும்னு என்னைக்காவது சொல்லியிருக்கீகளா?" என்பாள்.

கடைசியில் அவர் மனசுக்குப் பிடித்தது செல்லுலாய்டு. அந்தக் காலத்தில் சீப்பு, பொம்மை, சோப்புப் பெட்டி எல்லாம் அதில் வரும். உடைந்த பொம்மையின் முதுகை அறுத்து ஒரு வில்லை செய்து வாசித்த அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இதுதான் கம்பிகிட்டப் பதனமாப் பேசுது" என்றார். அதை விரலில் வைத்து நாலு தேய் தேய்த்து எங்கள் மூக்குக்கு நேரே நீட்டினார். கர்ப்பூர வாசனை வந்தது. "கோயில்ல நிக்கிற மாதிரி இல்ல?" என்று கேட்டார். அதிலிருந்து செல்லுலாய்டைத் தவிர வேறெதையும் அவர் தொடவில்லை.

இதையெல்லாம் நான் கூடவே இருந்து பார்த்தேன். எங்கள் ஊர் சாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எனக்கு அப்போது பதினேழு வயது, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் தகையவில்லை. சும்மா இருக்கிற நேரத்துக்கு அக்காவுக்குத் துணையாக இரு என்று சிவகாசிக்கு அனுப்பி வைத்தார்கள். அத்தானும் என்னைக் கொழுந்தியா கொழுந்தியா என்று கிண்டல் பண்ணிக்கொண்டே இருப்பார். நானும் விடமாட்டேன்.

மருந்து வேலைக்கு ஆள் போகிற வீடுகளில் அப்போது ஒரு பழக்கம் உண்டு. எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் வெடிக்கிற மருந்துதான். ஆம்பளை காலையில் கிளம்பி வாசலுக்கு வந்ததும் நின்று நெஞ்சைக் காட்டுவார். வீட்டுப் பொம்பளை அவர் சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பாள். ஒரு தீக்குச்சி, ஒரு பீடித் துண்டு, ஒரு ஆணி எதுவும் மறந்துபோய்க்கூட உள்ளே இருந்துவிடக் கூடாது. அதற்குப் 'பை பாக்கிறது' என்று பெயர். பை பார்க்காமல் யாரும் படி இறங்க மாட்டார்கள்.

அக்காவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் அத்தானின் மூத்த அக்கா. நாங்கள் மதினி என்போம். பக்கத்துத் தெருவில் இருந்தார். சின்ன வயதிலேயே வீட்டுக்காரரை மருந்து ரூமில் பறிகொடுத்தவர். அக்கா கல்யாணமாகி வந்த மறுநாள் காலையிலேயே வந்து அவள் கையைப் பிடித்து அத்தானின் பையில் வைத்து, "இதுதாம்மா உனக்கு மொத வேலை. மத்ததெல்லாம் பெறகு" என்றாராம். "நான் ஒரே ஒரு நாள் பாக்கல. பிள்ளைக்குக் காய்ச்சல். அன்னைக்குப் பாத்து..." என்று பாதியில் நிறுத்திவிட்டாராம். அந்தப் பையில் ஏதாவது இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. சட்டையே கிடைக்கவில்லை.

ஒரு காலையில் அடுப்படியில் உட்கார்ந்து வில்லை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார் அத்தான். அது பட்டென்று ஒடிந்தது. ஒரு பாதி தெறித்து அடுப்புக்குள் விழுந்துவிட்டது. தணல்தான் இருந்தது, ஜுவாலைகூட இல்லை. விழுந்த மறுநொடி புஸ்ஸென்று முழம் உயரத்துக்குத் தீ எழும்பி அடங்கியது. கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த அக்கா கரண்டியோடு பின்னால் சாய்ந்துவிட்டாள்.

"மருந்து பத்துன மாதிரியே பத்துதே" என்றாள்.

"கர்ப்பூரம் சேத்துச் செய்றது. பத்தத்தான் செய்யும்" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"இதையா தினம் பையில வச்சுக்கிட்டுக் கம்பெனிக்குப் போறீக?"

"தீயில விழுந்தாத்தான் பத்தும். பையில என்ன அடுப்பா எரியுது?"

அக்கா அதிர்ந்து பேசுகிறவள் இல்லை. அன்றைக்குப் பேசினாள். "பொம்பளைப் பிள்ளைக கொண்டை ஊசி போட்டுக்கிட்டு வந்தா கேட்லயே நிறுத்திருவீகளாம். தாலியில கிடக்கிற ஊக்கைக்கூடக் கழட்டச் சொல்லுவீகளாம். உங்களுக்கு மட்டும் சட்டம் வேறயா?" என்று கேட்டுவிட்டாள்.

அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. கம்பெனியில் அத்தானைப் போலக் கண்டிப்பான போர்மேன் கிடையாது என்று பெயர். அந்தப் பெயரில்தான் அவருக்குப் பெருமையே. தீப்பிடிக்கிற எல்லாவற்றையும் கேட்டுக்கு வெளியே நிறுத்துகிற மனுஷனுக்குத் தன் பையில் இருக்கிற வில்லை ஒரு பொருளாகவே படவில்லை. அது பாட்டோடு சேர்ந்த சாமான், அவ்வளவுதான். பையிலிருந்து வில்லையை எடுத்து மாடக்குழியில் வைத்தார். கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். கம்பெனிக்குப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பெட்டி திறக்கவில்லை. சண்டை போடவில்லை, சிடுசிடுக்கவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். பாட்டுக் குழுவுக்கும் போகவில்லை. சாயந்தரம் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி இருப்பார். சில மனுஷர்கள் கோபித்தால் தாங்கிக்கொள்ளலாம், அவர் அப்படி உட்கார்ந்திருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஒருநாள் அக்கா என்னிடம், "வீடு வீடாவே இல்லைடி" என்று சொல்லி அழுதாள். அன்றைக்கே போய்ப் பெட்டியைத் திறந்து கிட்டாரைத் துடைத்து அவர் மடியில் வைத்து, "நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீக. எடுத்துட்டுப் போங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள்.

அவர் திரும்ப வாசித்தார். அன்றைக்கு அக்கா சோறு வடிக்கக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அத்தான் வில்லையைத் தொலைக்க ஆரம்பித்தார். காலையில் பையில் வைத்தது மத்தியானம் இருக்காது. சாயந்தரம் பாட்டுக் குழுவில் ஒரு அட்டைத் துண்டை வைத்துச் சமாளிப்பார். அங்கே இருந்தவர்கள், "அண்ணாச்சி, இன்னைக்கும் தொலைஞ்சுதா? உங்க தலையைப் பதனமாப் பாத்துக்கோங்க" என்று கேலி செய்வார்களாம். வீட்டுக்கு வந்தால் எங்காவது கிடக்கும். ஒருநாள் வெற்றிலைப் பெட்டிக்குள், ஒருநாள் அக்காவின் சேலை முந்தி முடிச்சில், ஒருநாள் கொடியில் காய்கிற துண்டின் மடிப்பில். அதிகமாகக் கிடந்தது அரிசிப் பானையில்தான்.

"என் பிக்கைப் பாத்தியா?" என்பார்.

"அரிசிப் பானையில கிடந்துச்சு" என்பாள் அக்கா.

"அங்கன எப்படிப் போச்சு?"

"எனக்கென்ன தெரியும். வச்ச எடத்துல தேடணும்."

தினமும் இதே பேச்சுதான். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஒருநாள் விடியற்காலையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது அக்காவைக் கையும் களவுமாகப் பிடித்தேன். அத்தான் பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தார். ஆணியில் மாட்டியிருந்த அவர் சட்டைக்குள் இரண்டு விரலை விட்டு வில்லையை எடுத்து, அரிசிப் பானையில் போட்டு மூடினாள். என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தாள். சிறிது நேரத்தில் அத்தான் வந்து அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நெஞ்சைக் காட்டி நின்றார். ஒன்றும் அறியாதவள் போல அக்கா பையைத் தட்டிப் பார்த்து அனுப்பினாள்.

"சொல்லித் தொலைக்கிறதுதானே அக்கா" என்றேன்.

"சொன்னா அதைக் கழட்டி வச்சிருவாக. பெட்டியையும் பூட்டிருவாக. எனக்கு ரெண்டும் வேணும்டி" என்றாள்.

ரெண்டும் என்றால் ஆளும் பாட்டும். அந்த இரண்டையும் காப்பாற்றத்தான் அவள் தினம் திருடினாள். ஊரே மறதிக்காரர் என்று சிரித்த மனுஷன் ஒரு வில்லையைக்கூடத் தொலைக்கவில்லை.

இதில் ஒரு சங்கடமும் வந்து சேர்ந்தது. அத்தான் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். "மருந்துல ஒரு குன்றிமணி குறைஞ்சாலும் என் கைக்குத் தெரியும். இதை மட்டும் எங்க வைக்கிறேன்னு தெரியலையே. மறதி இருக்கிறவன் மருந்து ரூம்ல நிக்கலாமா?" என்று ஒருநாள் சாப்பாட்டைப் பிசைந்தபடியே கேட்டார். ஷெட்டுப் பூட்டைத் திரும்பத் திரும்பப் போய் இழுத்துப் பார்க்கிறாராம். தண்ணீர் வாளி நிறைந்திருக்கிறதா என்று நாலு தடவை பார்க்கிறாராம். எனக்குப் பாவமாக இருந்தது. இப்போதாவது சொல்லிவிடு என்று அக்காவை நச்சரித்தேன். அவள் அசையவில்லை. "மறதிக்காரன்னு நெனைக்கிறவரைக்கும் நாலு தடவை பாப்பாக. பாக்கட்டும்" என்றாள்.

அக்கா உண்டானாள். ஒன்பதாம் மாதம் வளைகாப்புப் போட்டு எங்கள் ஊருக்கு அழைத்துப் போனோம். நானும் கூடவே போய்விட்டேன். சிவகாசி வீட்டில் அத்தான் தனியாக இருந்தார், சாப்பாடு மதினி வீட்டில். அக்கா வந்த நாளிலிருந்து மேற்கே பார்த்தபடியே இருப்பாள். எங்கள் ஊருக்கு மேற்கேதான் சிவகாசி. "மதினியைப் பை பாக்கச் சொல்லியிருக்கேன். ஆனா அவுகளுக்கு வில்லையைப் பத்தித் தெரியாது. பாத்தாலும் பாட்டுச் சாமான்னு விட்டுருவாக" என்று என்னிடம் மட்டும் புலம்புவாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அத்தான் சைக்கிளில் வந்தார். சாத்தூர்ச் சேவுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்ததும் சந்தோஷமாகச் சொன்னார்.

"ஒரு அதிசயம் தெரியுமா? நீ வந்ததுல இருந்து பிக்கு தொலையவே இல்ல. வச்சா வச்ச எடத்துல இருக்கு. எனக்கு மறதியெல்லாம் போயிருச்சு."

அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. "எங்க இருக்கு?" என்றாள்.

"பையிலதான். கம்பெனிக்கும் பையிலயே வந்துட்டுப் போயிட்டு இருக்கு."

அக்கா குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் சட்டைப் பையையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. அத்தான் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவ முற்றத்துக்குப் போனவர் கழுவிக்கொண்டே இருந்தார், கழுவிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது, "உடம்பைப் பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரத்திலேயே அது நடந்தது. உச்சிப் பொழுது. நாங்கள் தீப்பெட்டி ஆபீஸ் வேலையாகக் குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கிக்கொண்டிருந்தோம். மேற்கேயிருந்து சத்தம் வந்தது. பட்டாசுச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு எது வேட்டு, எது விபத்து என்று காதுக்குத் தெரிந்துவிடும். அடுத்தடுத்து மூன்று நாலு. தெருவில் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். பனைகளுக்கு மேலே புகை எழும்பியது. எந்தக் கம்பெனி என்று யாருக்கும் தெரியவில்லை.

அக்கா நிறைமாத வயிற்றோடு வாசலில் நின்றாள். உட்கார் என்றால் உட்காரவில்லை, தண்ணீர் கொடுத்தால் குடிக்கவில்லை. "நான் சொல்லியிருக்கணும். நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கணும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா எவ்வளவோ தேற்றினாள். தகவல் கேட்கப் போன அப்பாவும் திரும்பவில்லை.

பொழுது சாயும்போது தெருமுனையில் சைக்கிள் தெரிந்தது. அத்தான்தான். தலையெல்லாம் சாம்பல், சட்டையில் யாருடைய ரத்தமோ. பக்கத்துக் கம்பெனியாம். ஓடிப்போய்த் தூக்கியிருக்கிறார். அவர் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் இரண்டு பேர் பெண்பிள்ளைகள் என்று பின்னால் சொன்னார்.

சைக்கிளை விட்டு இறங்கி அக்கா முன்னால் வந்தவர், காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நிற்பது போல நெஞ்சைக் காட்டி நின்றார். அக்கா அந்த அழுக்குச் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். ஒன்றும் இல்லை.

"காலையிலயே தொலைஞ்சு போச்சு" என்றார் அத்தான். "அரிசிப் பானையில தேடுனா கிடைக்கும்."

சிவகாசி வீட்டில் அரிசிப் பானைக்குள் அதைப் போட அவரைத் தவிர ஆளே கிடையாது. அக்கா அவரைப் பார்த்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நான் உள்ளே ஓடிவிட்டேன். அப்படியொரு காட்சியை நின்று பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அந்த வாரத்திலிருந்து கம்பெனிக் கேட்டில், கொண்டை ஊசியோடு செல்லுலாய்டுச் சீப்பையும் வாங்கி வைக்க ஆரம்பித்தார் அத்தான். சீப்பில் என்ன இருக்கிறது என்று பெண்கள் முணுமுணுத்தார்களாம்.

அக்கா பிழைக்கவில்லை. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, பெண் பிள்ளை. அதற்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. சாத்தூருக்குக் காரில் கொண்டு போனோம். வழியிலேயே முடிந்துவிட்டது. அவருக்கு என்ன ஆகிவிடுமோ என்று ராத்திரி பகலாகப் பயந்தவள் அவள். மருந்து ரூமில் நின்றவர் முழுசாக இருக்கிறார், வீட்டுக்குள் படுத்திருந்தவள் போய்விட்டாள். இந்தக் கணக்கு எனக்கு இன்றைக்கும் புரிந்தபாடில்லை. சாமியிடம் கேட்டால் கோபம்தான் வருகிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அத்தான் சிவகாசிக்குக் கிளம்பினார். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்றார். செருப்பைக்கூடப் போட்டுவிட்டார். படி இறங்கவில்லை. கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி அப்படியே நின்றார். எதற்கு நிற்கிறார் என்று அம்மாவுக்குப் புரியவில்லை, "எதையும் மறந்துட்டீகளா மாப்பிள்ளை?" என்று கேட்டாள். எனக்குப் புரிந்தது. ஆனால் அது என் கை செய்கிற வேலை இல்லை. அவர், "ஒண்ணும் இல்ல அத்தை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பிள்ளையை அம்மா வளர்த்தாள். எனக்கு விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருந்த வீட்டில் கல்யாணம் ஆனது. அத்தான் மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாலு பேர் பேசிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள். கிட்டார் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பிள்ளைக்குப் பள்ளிக்கூட வயது வந்ததும் சிவகாசிக்கு அழைத்துக்கொண்டு போனார். மதினியும் அங்கேயே வந்து இருந்து பார்த்துக்கொண்டார். பிள்ளை வந்த பிறகு பெட்டியைத் திறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

அறுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை அவர்களைப் பார்க்கப் போனேன். மதினி கோயிலுக்குப் போயிருந்தார். அத்தான் கம்பெனியில். மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள் பிள்ளை. அக்காவின் நெற்றி, அக்காவின் புருவம். ராத்திரிச் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு அரிசிப் பானையைத் திறந்து படியை உள்ளே விட்டேன்.

"சித்தி, பொறுங்க பொறுங்க" என்று ஓடி வந்தாள். "அப்பாவோட வில்லை உள்ள கிடக்கும். சோத்துக்குள்ள போயிரும்."

முழங்கைவரை அரிசிக்குள் விட்டுத் துழாவி அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது எப்படிடி இதுக்குள்ள வந்துச்சு?"

"தினமும் இப்படித்தான் சித்தி. காலையில கம்பெனிக்குப் போகும்போது தொலைச்சிருவாக. சாயந்தரம் நான் தேடிக் குடுக்கணும். அப்பாவுக்கு மறதி ஜாஸ்தி."

நான் அதை விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். அதே கர்ப்பூர வாசனை. படியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். அடுப்புப் புகை என்று பிள்ளையிடம் சொன்னேன்.

சாயந்தரம் அத்தான் வந்தார். தலை நரைத்திருந்தது, கையில் அந்த வெள்ளி அப்படியே இருந்தது. "கொழுந்தியா எப்ப வந்தீக?" என்று கேட்டுவிட்டுக் கால் கழுவினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பிள்ளையைக் கேட்டார்.

"என் பிக்கைப் பாத்தியாம்மா?"

"அரிசிப் பானையில கிடந்துச்சுப்பா."

"அங்கன எப்படிப் போச்சு?"

பிள்ளை சிரித்தது. அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்த என் வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது.

"எனக்கென்ன தெரியும். வச்ச எடத்துல தேடணும்."

அத்தானின் கை துண்டோடு நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அந்தப் பதிலை அவர் கேட்டிருக்க மாட்டார். சொன்னது தப்போ என்று இருந்தது எனக்கு.

"அவ வச்ச எடத்துலதான் தேடிக்கிட்டிருக்கேன், கொழுந்தியா" என்றார்.

பிறகு பிள்ளையின் கையிலிருந்து வில்லையை வாங்கிக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்தார்.